ஜொகூரில் வாடகை வீடு: சாவி கைக்கு வருமுன் தெரிந்திருக்க வேண்டியவை

மாசாயிலோ ஸ்கூடாயிலோ வாடகைக்கு வீடு தேடி அலைந்த நம்மவர்களுக்கு அந்த முதல் தொலைபேசி உரையாடல் மனப்பாடமாகியிருக்கும். விளம்பரத்தைப் பார்த்து அழைப்போம். வீடு இன்னும் இருக்கிறது என்பார்கள். எத்தனை பேர் தங்குவீர்கள், எங்கே வேலை என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "பங்சா அப்பா?" பதில் சொன்னதும் குரல் சற்று இறங்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப அழைப்பதாகச் சொல்வார்கள். அந்த அழைப்பு வராது. எனக்கே ஒரே வாரத்தில் மூன்று முறை இது நடந்திருக்கிறது. மூன்றாவது முறை, கேள்வி வரும் முன்பே நானே சொல்லிவிட்டேன். நேரமாவது மிச்சம்.

இப்படி மறுப்பது சட்டப்படி குற்றமில்லையா என்று வாசகர்கள் பலர் கேட்கிறார்கள். இன்றைய நிலையில், தனியார் வீட்டுக்காரர் இனத்தைக் காரணம் காட்டி வீடு தர மறுத்தால் அவரைத் தண்டிக்கும் சட்டம் மலேசியாவில் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. ஆனால் அது அரசாங்கத்தையும் பொது அதிகாரத்தையும் கட்டுப்படுத்துவதாகவே நீதிமன்றங்கள் பொருள் கொண்டு வந்துள்ளன. விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில், ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குச் செய்யும் பாகுபாட்டுக்கு அரசியலமைப்பை நாட முடியாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. அது வேலை தொடர்பான வழக்குதான் என்றாலும், வாடகை வீட்டு விவகாரத்திலும் நம்மை முட்டுச்சந்தில் நிறுத்துவது அந்தத் தீர்ப்பின் கருத்துதான்.

குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு 2019-ஆம் ஆண்டு முதல் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் தரப்பில் அடிபட்டு வருகிறது. இனப் பாகுபாட்டைத் தடுப்பது, முன்வைப்புப் பணத்தை வீட்டுக்காரரிடம் விடாமல் பொதுவான இடத்தில் பாதுகாப்பது, தகராறுகளுக்குத் தனி நடுவர் மன்றம் அமைப்பது போன்ற யோசனைகள் அதில் பேசப்பட்டன. அமைச்சர்கள் மாறினார்கள், மசோதா இன்னும் சட்டமாகவில்லை. அதுவரை வாடகைதாரருக்கு இருக்கும் பாதுகாப்பு, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்ட பழைய சட்டங்களில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கிறது. அவற்றைத் தேடி எடுத்துத் தருவதே இக்கட்டுரையின் வேலை.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

நம் பெரியவர்கள் 'செவா வீடு' என்பார்கள். தமிழில் 'குடிக்கூலி' என்று ஒரு பழைய சொல் உண்டு. குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அங்கே வேலை செய்யும்வரை வீடு உண்டு. கூரை ஒழுகினால் கிராணியிடம் போய்ச் சொல்வார்கள். வருவதும் வராததும் வேறு கதை. அந்த வீட்டின் தரத்துக்கு 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் சட்டம் என்று தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு. 60 வயதில் ஓய்வு பெறும்போது வீட்டையும் விட வேண்டியிருக்கிறது.

ரெங்கம், லாயாங்-லாயாங், உலு திராம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இப்படி வெளியேறும் குடும்பங்களில் பலர், வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வாங்குவதே அந்த வயதில்தான். அதுவும் ஆங்கிலத்தில், பத்துப் பன்னிரண்டு பக்கங்களில். பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலையாக இருப்பார்கள். வீட்டுக்காரரோ முகவரோ விரல் வைத்துக் காட்டும் இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். படிக்காமல் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். 'எனக்கு விளங்கவில்லை' என்பதைப் பிறகு நீதிமன்றம் எளிதில் ஏற்காது. ஆகவே ஒப்பந்தத்தை ஒருநாள் முன்னதாக வாட்சாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளோ தெரிந்த ஆசிரியரோ படித்துச் சொல்லட்டும். அனுப்ப மறுப்பவரின் வீடு நமக்கு வேண்டாம்.

வாய்ப்பேச்சு செல்லுமா?

செல்லும். தேசிய நிலச் சட்டத்தின் 213-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகைக் குடியிருப்பை எழுத்திலும் கொடுக்கலாம், வாய்மொழியாகவும் கொடுக்கலாம். மூன்று ஆண்டைத் தாண்டினால் அது குத்தகை. நில அலுவலகத்தில் பதிய வேண்டும். பெரும்பாலான வீட்டு ஒப்பந்தங்கள் ஓராண்டு, ஈராண்டு என்று இருப்பதன் காரணம் இதுதான்.

ஆனால் வாய்ப்பேச்சில் போன வீட்டில் தகராறு வந்தால் எதை வைத்து நிரூபிப்பது? குளுவாங்கிலும் சிகாமட்டிலும் இன்னும் பல வீடுகள் முகத்துக்காகக் கொடுக்கப்படுகின்றன. மாதம் பிறந்தால் ரொக்கமாக வாடகை, ரசீது கிடையாது. நல்லபடியாகப் போகும்வரை அழகான உறவு. வீட்டுக்காரர் இறந்து, பிள்ளைகள் வந்து 'நீங்கள் யார்?' என்று கேட்கும் நாளில்தான் சிக்கல். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வாடகையை வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்துங்கள். குறிப்புப் பகுதியில் மாதத்தையும் வீட்டு எண்ணையும் எழுதுங்கள். அந்த வரி ஒருநாள் சாட்சி சொல்லும்.

எழுத்து ஒப்பந்தம் என்றால் முத்திரை வேண்டும். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். 1949-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி, முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. தாமதமானால் அபராதத்தோடு முத்திரையிடலாம் என்றாலும், வழக்கு வந்த பிறகு ஓடுவதைவிட முன்பே முடித்துவிடுவது மேல். முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது இல்லை. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. ஓராண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரை என்றால் 3 வெள்ளி. மாதம் 900 வெள்ளி வாடகை என்றால் ஆண்டுக்கு 10,800. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 44 வெள்ளி, ஈராண்டுக்கு 132 வெள்ளி. 2026 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்குச் சுய மதிப்பீட்டு முறை வந்துவிட்டது. தொகையைத் தவறாகக் கணக்கிட்டால் பொறுப்பும் நம்முடையதுதான்.

'முத்திரையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பணம் வாங்கும் முகவரிடம் முத்திரைச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கத் தவறாதீர்கள். வாங்கிய பணம் முத்திரையாகாமல் போன ஒப்பந்தங்களை நானே பார்த்திருக்கிறேன்.

கையில் எவ்வளவு வேண்டும்?

ஜொகூரில் பழக்கத்தில் இருப்பது இரண்டு மாத முன்வைப்பு, அரை மாதம் அல்லது ஒரு மாதம் மின்சாரம், தண்ணீருக்கு, அதோடு முதல் மாத வாடகை. 900 வெள்ளி வீட்டுக்கு 1,800, 450, 900. ஆக 3,150 வெள்ளி. குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும்போது இது ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். பாய், கேஸ் தோம்பு, லாரி வாடகை எல்லாம் தனி. நகை அடகுக் கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

இத்தனை மாதம்தான் வாங்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எல்லாம் பேசி முடிப்பதுதான். நம் இனம் என்று தெரிந்ததும் மூன்று மாத முன்வைப்பு கேட்பவர்களும் இருக்கிறார்கள். பேரம் பேசலாம். சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டுக்காரரின் ஒரு வரிப் பரிந்துரை, ஒழுங்காகக் கட்டிய பழைய மின்கட்டண ரசீதுகள் ஆகியவை கையில் இருந்தால் பேச்சு எடுபடும். அடையாள அட்டையின் நகல் கேட்டால், அதன் குறுக்கே 'வாடகை வீட்டுக்கு மட்டும்' என்று மலாயில் எழுதிக் கோடு போட்டுக் கொடுங்கள்.

வாடகைக்கும் உச்சவரம்பு கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. 1997-இல் அதை ரத்து செய்யும் சட்டம் வந்து, 1999 இறுதியோடு கட்டுப்பாடு முடிந்தது. இப்போது ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வீட்டுக்காரர் எவ்வளவும் உயர்த்தலாம். புக்கிட் சாகாரையும் ஊட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயிலை எதிர்பார்த்தும், 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தை எதிர்பார்த்தும் நகரப் பகுதியில் வாடகை ஏறி வருவதை வீடு தேடுபவர்கள் உணர்கிறார்கள். சிங்கப்பூர்ச் சம்பளக்காரரோடு உள்ளூர்ச் சம்பளக்காரர் போட்டி போட வேண்டிய சந்தை இது. ஆகவே கையெழுத்திடும்போதே 'மேலும் ஓராண்டு நீட்டிக்கும் உரிமை' என்ற பிரிவைக் கேளுங்கள். நீட்டிக்கும்போது வாடகை அதிகபட்சம் எவ்வளவு ஏறலாம் என்பதை எண்ணில் எழுதச் சொல்லுங்கள். 'அன்றைய சந்தை நிலவரப்படி' என்று எழுதியிருந்தால் அது வீட்டுக்காரருக்கு மட்டுமே பயன்படும் வரி.

இடையில் வீட்டைக் காலி செய்தால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே பாருங்கள். ஓராண்டு ஒப்பந்தத்தில் ஐந்தாவது மாதம் வேலை மாறிப் போனால் முன்வைப்புப் பணம் முழுவதும் போகும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம் என்ற பிரிவு நமக்குச் சாதகம்.

உண்மையான உரிமையாளர்தானா?

வீட்டைக் காட்டியவர் வீட்டுக்காரரா, முகவரா, அல்லது ஏற்கெனவே வாடகைக்கு இருந்து சாவியை வைத்திருப்பவரா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் முன்பதிவுப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் ஏராளம். மதிப்பீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அதிலிருக்கும் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நில அலுவலகத்தில் சிறு கட்டணத்தில் உரிமைத் தேடல் செய்யலாம். முகவர் என்றால் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவானவராக இருக்க வேண்டும். நிறுவனத்தின் கீழ் வேலை செய்யும் பேச்சாளர்கள் 'ரென்' எண்ணுள்ள சிவப்பு அட்டை அணிய வேண்டும். அந்த எண்ணை வாரியத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 997-ஐ அழையுங்கள். அது தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். பணம் கைமாறும் முன் தடுக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் வங்கிக் கடனைக் கட்டாமல் விட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். வாடகையை நாம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், நிலப் பட்டாவில் நம் குடியிருப்புக் குறிப்பு ஏற்றப்படாத நிலையில் புதிய உரிமையாளரை நம் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. அந்தக் குறிப்பை ஏற்றச் சட்டத்தில் வழி உண்டு. 900 வெள்ளி வீட்டுக்கு யாரும் செய்வதில்லை. கதவில் ஏல அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். படம் பிடித்துக்கொண்டு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

மலிவு விலை அடுக்ககங்கள்

மாதம் 124 வெள்ளி வாடகையில் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் பி.பி.ஆர். அடுக்ககங்கள் ஜொகூரிலும் இருக்கின்றன. மெலானா இண்டா, டேசா முத்தியாரா போன்றவை. விண்ணப்பம் மாநில வீடமைப்புப் பிரிவின் வழியாகப் போகும். காத்திருப்பு நீளும், ஆனால் விண்ணப்பிக்காதவருக்கு ஒருபோதும் கிடைக்காது. இந்த வீடுகளில் குடியிருப்பவர் மற்றொருவருக்கு உள்வாடகைக்கு விடக்கூடாது. 'பி.பி.ஆர். வீடு, 400 வெள்ளி, உடனே குடிபோகலாம்' என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் உங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது. சோதனைக்கு அதிகாரிகள் வரும் நாளில் மூட்டையோடு வெளியே நிற்பது நாம்தான்.

பூட்டை மாற்றினால்?

வாடகை பாக்கி நிற்கிறது. வேலையிலிருந்து திரும்பினால் கேட்டில் புதுப் பூட்டு. உள்ளே பிள்ளையின் பள்ளிப் பை, மருந்து, சாமான் எல்லாம். இது சட்டப்படி சரியா?

சரியல்ல. 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு, வாடகைக் காலம் முடிந்த பிறகும் தங்கியிருப்பவரை நீதிமன்ற நடவடிக்கை வழியாக மட்டுமே வெளியேற்ற முடியும் என்கிறது. வீடு அவருடையதாக இருந்தாலும் ஆளைக் கூட்டிவந்து கதவைப் பூட்டவோ சாமானை வெளியே வைக்கவோ முடியாது. அப்படி நடந்தால் படம் எடுங்கள், போலீசில் புகார் செய்யுங்கள். இது சிவில் விவகாரம் என்று போலீசார் சொல்லக்கூடும். புகார் எண் பின்னால் வழக்குக்கு உதவும். வசதி இல்லாதவர்கள் ஜொகூர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகிப் பார்க்கலாம்.

அதற்காக வாடகை கட்டாமல் இருந்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். 1951-ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டப்படி வீட்டுக்காரர் நீதிமன்ற ஆணை பெற்று, 12 மாதம் வரையிலான பாக்கிக்கு வீட்டிலுள்ள பொருள்களைக் கைப்பற்றலாம். உடுத்தும் துணி, படுக்கை போன்றவை தப்பும்; தொலைக்காட்சியும் துணி துவைக்கும் இயந்திரமும் போய்விடும். வாடகைக் காலம் முடிந்தும் வெளியேறாமல் இருந்தால், 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் இரட்டிப்பு வாடகை கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை தருகிறது. கஷ்டம் வந்தால் முதல் மாதத்திலேயே எழுத்தில் தெரிவித்து, பாக்கியை எப்படிக் கட்டுவேன் என்று சொல்பவருக்கே பேச இடம் இருக்கும். கடைசி இரண்டு மாதத்தை முன்வைப்பில் கழித்துக்கொள்ளச் சொல்வது பலரின் வழக்கம். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளாமல் செய்தால் அதுவும் ஒப்பந்த மீறல்தான்.

விளக்குப் புகையும் ஆணித் துளையும்

முன்வைப்புப் பணம் திரும்பி வராததுதான் நான் அதிகம் கேட்ட புகார். நம் வீடுகளுக்கென்றே சில காரணங்கள் உண்டு. சாமி மேடை மாட்டிய ஆணித் துளைகள், விளக்குப் புகையால் கறுத்த கூரை, தோரணம் கட்டிய ஆணி, வாசலில் பொங்கல் வைத்த இடத்தில் வெடித்த தரைக்கல். இவற்றைக் காட்டி முழு வீட்டுக்கும் சாயம் அடித்த செலவைக் கழிப்பார்கள். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். புகைக் கறை தேய்மானமா சேதமா என்று வாதாடுவதைவிட, விளக்குக்கு மேலே ஒரு தகடு வைப்பது சுலபம். ஆணி அடிக்கும் முன் வாட்சாப்பில் அனுமதி கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

குடிபோகும் நாளில் சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். சுவர்க் கீறல், ஒழுகும் குழாய், ஓடாத மின்விசிறி, மின்சார மீட்டரின் எண், தண்ணீர் மீட்டரின் எண். அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். முந்தைய குடியிருப்பாளரின் தெனாகா, ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. பாக்கி நம் தலையில் விழாமல் இருக்க இந்த எண்கள் வேண்டும். காலி செய்யும் நாளிலும் இதையே செய்து, வீட்டுக்காரரோ முகவரோ கூட வந்து பார்த்துச் சாவி பெற்றதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

அதன் பிறகும் பணம் வரவில்லையா? முதலில் நாள் குறித்து ஒரு கடிதம் அனுப்புங்கள், பதிவுத் தபாலில். பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு இருக்கிறது. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைத் தனிநபர் தாமே தொடுக்கலாம்; இங்கே வழக்கறிஞர் தேவையில்லை. 198-ஆம் எண் பாரத்தை மலாயில் பூர்த்தி செய்து பதிவகத்தில் கொடுத்து, அதை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்க வேண்டும். கிடைத்த 14 நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும். ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு என்பதால், போன ஆண்டு போன முன்வைப்பு போனதுதான் என்று விட்டுவிட வேண்டியதில்லை. முத்திரையிட்ட ஒப்பந்தம், வங்கி ரசீதுகள், இரண்டு நாளும் எடுத்த படங்கள், சாவி கொடுத்த தாள் எல்லாவற்றையும் அச்சிட்டு ஒரு கோப்பில் வைத்து எடுத்துப் போங்கள். கைப்பேசியை நீட்டி 'இதிலே இருக்கிறது' என்றால் பதிவகத்தில் ஏற்கமாட்டார்கள்.